யானையின் முன் நின்ற சிறுவர்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, திண்டிவனத்தைக் கடந்து விக்கிரவாண்டியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பண்ணுருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும். மற்றொன்று விழுப்புரத்தைத் தொட்டுத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும். இரண்டும் சோழநாட்டுக்குச் செல்லும் வழிகளே. விழுப்புரத்தில் மேற்கே திரும்பிச் சற்றேறக்குறைய நாற்பது கிலோமீட்டர் சென்றால் தென்பெண்ணையாற்றின் கரையில் திருக்கோவலூர் தோன்றும். சங்ககாலத்தில் மலையமான்கள் என்னும் குறுநில மன்னர் ஆண்ட ஊர் அது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி அக்குடியிற் பிறந்தவன். ஆற்றிலே நிற்கும் பாறையொன்றைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுவர்.

இவ்வூரை ஆண்ட மலையமான் ஒருவனுடைய மக்கள் ஒரு நாள் சோழன் கிள்ளிவளவன் கையிற் சிக்கினர். தந்தையோடு கொண்ட பகையை மக்கள்மேல் தீர்த்துக்கொள்ள எண்ணினான் மன்னன். யானையின் காலால் மிதிப்பித்துக் கொல்லுமாறு அச்சிறுவரை மன்றத்தில் நிறுத்தினான். கொல்களிறும் கொணரப்பட்டது. அந்நேரத்தில் கோவூர்கிழார் என்னும் புலவர் எழுந்து நின்று பாடிய பாட்டு, புறநானூற்றில் நாற்பத்தாறாவது பாட்டாக அமைந்துள்ளது.

பாட்டு மிகச் சிறியது. ஆயினும் அதில் புலவர் கூறியவற்றையும் கூறாது விடுத்தவற்றையும் நாம் நின்று நோக்குதல் வேண்டும். ஒரு புறாவின் துயர் தீர்த்தற்குத் தன் உடலையே அளித்தவன் வழியில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு அவன் குலத்தை நினைவூட்டினார். கற்றோர் வறுமையுறுதல் கண்டு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்ட குடியினர் இவர் என்று சிறுவரின் குலத்தையும் எடுத்துரைத்தார். பின்னர்ச் சிறுவரின் முகத்தைக் காட்டினார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் வியப்பால் அழுகையை மறந்துவிட்டனர். கூடியிருந்தோரை மருண்டு நோக்கிய பின்னரே, முன்பு அறியாத புதியதொரு துன்பம் அவர்களைப் பற்றியது. இவ்வளவையும் சொல்லி, இனி நீ விரும்பியதைச் செய்க என்று புலவர் அமைந்தார்.

மலையமான் பகைவனல்லன் என்று அவர் வாதிடவில்லை. மன்னனுக்குக் கொல்லும் உரிமை இல்லை என்றும் மறுக்கவில்லை. கொல்லப்படுவார் யார் என்பதைக் கண்ணெடுத்துப் பார் என்பதே அவர் வேண்டிய வேண்டுகோள். சிறுவர் பிழைத்தனர் என்னும் செய்தி பாட்டின் அடிகளில் இல்லை. பாட்டின் கீழ் உள்ள பழைய குறிப்பில்தான் காணப்படுகின்றது.

அதனையடுத்த பாட்டும் இப்புலவர் பாடியதே. இளந்தத்தன் என்னும் புலவன் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தான். அங்கிருந்த நெடுங்கிள்ளி அவனைப் பகைவரின் ஒற்றன் என்று கருதிக் கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் அவனையும் மீட்டார். முன்னது பகை பற்றிய கொலை. பின்னது ஆள் அறியாமையால் நேர இருந்த கொலை. இரண்டாவதில் மன்னன் செய்ய முற்பட்டது பிழை என்பது ஒரு சொல்லால் விளங்கிற்று. ஆனால் அச்சொல்லைச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தார், கேட்க மன்னனும் சற்று நின்றான்.

மதுரையில் கோவலனுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்று பாண்டியன் காவலர்க்குக் கட்டளையிட்டான். வினவுதல் இல்லை, சான்று கேட்டல் இல்லை. கட்டளை பெற்றுச் சென்ற காவலர்க்கும் ஐயம் எழவே செய்தது. இவன் தோற்றத்தைக் கண்டால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று அவர்கள் தயங்கினர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்களுடைய ஐயத்தைக் கலைத்தான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குடிமயக்கிலிருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். கண்ணகி மற்றைச் சிலம்பை உடைத்துக் காட்டிய பொழுது உண்மை வெளிப்பட்டது. பாண்டியன் தன் உயிரையே கொடுத்தான். கோவலன் உயிர் மீளவில்லை.

குற்றம் செய்தாரைக் கொல்லுதல் அரசனுக்கு முறையே என்பாரும் நம் முன்னோருள் உளர். திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளை அவர்கள் சான்றாகக் காட்டுவர். கொடியவரை வேந்தன் தண்டித்தலைப் பயிரைக் காத்தற்குக் களை பிடுங்குவதோடு அக்குறள் ஒப்பிடுகின்றது. பரிமேலழகர் அதனைக் கொலைத்தண்டம் என்றே உரைத்தார். பிற்காலத்தார் சிலர், அங்குள்ள ‘ஒறுத்தல்’ என்னும் சொல் தண்டித்தலை மட்டுமே குறிக்கும், கொல்லுதலைக் குறிக்காது என்பர். ஒரு சொல்லின் பொருளில் ஓர் உயிர் தங்கியிருக்கின்றது. இலக்கணம் கற்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை. அதன் முதற் குறள், முறைதவறி நடக்கும் வேந்தனைக் கொலைத்தொழில் மேற்கொண்டாரினும் கொடியவன் என்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர்.

மரணதண்டனை வேண்டும் என்பாரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கொலையுண்டவனுடைய தாயை நாம் கண்டிருக்கின்றோம். அவள் கேட்கும் கேள்விக்குச் சட்டநூல்களில் விடை இல்லை. கொன்றவன் உண்டு உறங்கி வாழ்வதும் தன் மகன் மண்ணில் மறைவதும் எவ்வகையில் நீதியாகும் என்று அவள் கேட்பாள். அச்சம் ஒன்றே சிலரைத் தடுக்கும் என்பது மற்றொரு வாதம். 2012ஆம் ஆண்டு தில்லியில் ஓடும் பேருந்தில் இளம்பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேட்டு நாடே கொதித்தது. அவ்வழக்கில் நால்வர் 20-3-2020 அன்று திகார்ச் சிறையில் தூக்கிலிடப்பெற்றனர். அன்று அமைதியுற்ற நெஞ்சங்கள் பல. அவற்றை இரக்கமற்ற நெஞ்சங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நம் சட்டம் இவ்விரு வாதங்களுக்கும் இடையே சிறிது சிறிதாக நகர்ந்து வந்திருக்கின்றது. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் கொலைக்கு மரணத்தையோ ஆயுள் முழுவதும் நாடு கடத்துதலையோ விதித்தது. கொலைக் குற்றவாளிக்கு மரணம் விதிக்காமல் விட்டால், அதற்குரிய காரணத்தை நீதிபதி எழுதவேண்டும் என்றது 1898ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம். கொல்லுவதற்குக் காரணம் எழுத வேண்டுவதில்லை; கொல்லாமைக்கே காரணம் வேண்டும்! 1955இல் அவ்விதி நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தலைகீழாக்கி, மரணம் விதிப்பதற்கே சிறப்புக் காரணம் எழுதவேண்டும் என்றது. 1980இல் பச்சன்சிங் என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே இத்தண்டனை தகும் என்று வரையறுத்தது. ஐவருள் நால்வர் தண்டனை செல்லும் என்றனர். நீதிபதி பகவதி ஒருவரே செல்லாது என்றார்.

இதற்கெல்லாம் முன்னரே, 1949 ஜூன் மாதத்தில், அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தம் கருத்தை வெளியிட்டார். மரணதண்டனை பெற்றோர் மேல்முறையீடு செய்வது பற்றிய பேச்சு அது. முறையீட்டு உரிமையைப் பெருக்குவதைக் காட்டிலும் இத்தண்டனையையே ஒழித்துவிடுதலை ஆதரிப்பேன் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். அகிம்சையை அறமாகக் கொண்ட நாடு இது என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. சபை அவ்வழியிற் செல்லவில்லை.

இனி நம் காலத்தில் நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 21-5-1991 அன்று இரவு திருப்பெரும்புதூரில் தேர்தற் கூட்டத்திற்கு வந்த முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். காவற்பணியில் நின்றோரும் அவரைக் காண வந்தோருமாகப் பலர் அவரோடு மாண்டனர். மாண்டவர் குடும்பங்களின் துயரை அளவிட இயலாது. கொடிய செயல் அது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

வழக்கைப் பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம் விசாரித்தது. 28-1-1998 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு. ஒருவரேனும் விடப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 11-5-1999 அன்று, உச்ச நீதிமன்றம் அதே சான்றுகளைப் படித்து நால்வர்க்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. மூவர்க்கு ஆயுள் தண்டனை. எஞ்சிய 19 பேரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பெற்றனர். அவர்கள்மீது நின்ற சிறு குற்றங்களுக்குச் சிறையிற் கழித்த காலமே போதும் என்று கூறி அவர்களை வீட்டிற்கு அனுப்பியது நீதிமன்றம். மாணவர்கள் இவ்வெண்களைத் தம் ஏட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் தீர்ப்போடு எல்லாம் முடிந்திருக்குமானால் 19 பேர் கோவலன் சென்ற வழியே சென்றிருப்பர். பூந்தமல்லி நீதிமன்றம் மதுரைக் காவலர்போல் ஆராயாது செய்ததன்று. பல ஆண்டு விசாரணை நடத்தி, நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் கேட்டே செய்தது. ஆராய்ந்து செய்த தீர்ப்பும் இவ்வளவு மாறுமானால், மாற்ற முடியாத தண்டனையை அதன்மேல் எங்ஙனம் நிறுத்துவது?

நால்வருள் ஒருவராகிய பெண்ணின் தண்டனையை ஆளுநர் 2000இல் ஆயுளாகக் குறைத்தார். மற்றை மூவரும் குடியரசுத் தலைவர்க்குக் கருணை மனு அனுப்பினர். விடை வருதற்குப் பதினோராண்டு ஆயிற்று. 2011 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளப்பெற்று, செப்டம்பர் 9ஆம் நாள் வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. தண்டனையைக் குறைக்குமாறு வேண்டும் தீர்மானத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அன்றே நிறைவேற்றியது. கோவூர்கிழார்க்கு ஒரு பாட்டு அளவே நேரம் கிடைத்தது. இங்கே பத்து நாள் இருந்தது.

ஆயினும் அப்பதினோராண்டுகள் எத்தகையவை என்பதையும் நினைக்கவேண்டும். ஒவ்வொரு விடியலிலும் இன்றோ நாளையோ என்று காத்திருப்பது தனியானதொரு தண்டனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வைத்தீசுவரன் என்பாரின் வழக்கில் 1983இலேயே இக்கேள்வி எழுந்தது. எட்டாண்டு காத்திருந்தவரைத் தூக்கிலிடுதல் தகாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் கூறிற்று. எத்தனை ஆண்டு என்று வரையறுத்தலாகாது என வேறொரு வழக்கில் பின்னர் அது மாற்றிக்கொண்டது. இறுதியில், ஈரோடு மாவட்டத்துச் சிற்றூரிற் பிறந்து தலைமை நீதிபதியாக உயர்ந்த ப. சதாசிவம் தலைமையில் அமைந்த அமர்வு 21-1-2014 அன்று தெளிவாக முடிவு செய்தது. காரணமின்றி நீண்ட காலம் கருணை மனுவைக் கிடப்பிற் போட்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்று கூறி 15 பேரின் உயிரைக் காத்தது. திருப்பெரும்புதூர் வழக்கின் மூவர் தண்டனையும் அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஆயுளாயிற்று.

அம்மூவருள் பேரறிவாளன் கைதான பொழுது அவருக்கு வயது 19. மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் தலையாயது. அவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலமே வழக்கின் தூணாக நின்றது. அதனை எழுதிக்கொண்ட அதிகாரி ஓய்வுபெற்ற பின்னர், 2013இல், ஒரு செய்தியை வெளியிட்டார். மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் அன்று எழுதாமல் விட்டுவிட்டதாகக் கூறினார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று பின்னர் அறிவித்துவிடவில்லை. 18-5-2022 அன்று தன் தனியதிகாரத்தைக் கொண்டு விடுதலை செய்தது. எழுதாமல் விட்ட அத்தொடரின் மதிப்பு என்ன என்பது நீதிபதிகள் ஆராயத் தக்கது. ஆனால் அத்தொடர் வெளிப்பட்ட நாளில் அவர் உயிரோடிருந்தார்.

அச்சத்தால் கொலை குறையும் என்னும் வாதத்திற்குத் திரும்புவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலப்பகுதி 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. திருவிதாங்கூர் மன்னர் 1944இல் மரணதண்டனையை ஒழித்தார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு மக்கள் சில ஆண்டு தூக்குமரம் இல்லாத நாட்டில் வாழ்ந்தனர். நாடு இந்தியாவோடு இணைந்து இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கும் பரவியபோது தூக்கும் திரும்பி வந்தது. இதுபற்றி வாதிடுவோர் எடுத்துக்காட்டும் கணக்கொன்று உண்டு. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கு நிகழ்ந்த கொலைகள் 962. தூக்கு மீண்ட அடுத்த ஐந்தாண்டில் 967. ஐந்து கூடிற்று, அவ்வளவே. ஒரு நாட்டுக் கணக்கை வைத்து உலகை அளந்துவிட முடியாது. ஆயினும் தூக்கை எடுத்தால் நாடு கொலைக்காடாகும் என்று சொன்னோர்க்கு இக்கணக்கு விடை கேட்கின்றது.

இலங்கையின் வரலாறு இதனினும் வருத்தந் தருவது. 1956இல் ஆட்சிக்கு வந்த தலைமையமைச்சர் பண்டாரநாயக்கா தூக்குத்தண்டனையை நிறுத்திவைத்தார். 1958இல் அதற்குச் சட்டமும் இயற்றப்பட்டது. 1959 செப்டம்பர் 25ஆம் நாள் அவரே தம் இல்லத்தில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சினங்கொண்ட நாடு அவர் நிறுத்திய தண்டனையை அவ்வாண்டு முடிவதற்குள் மீட்டது. சுட்ட தல்துவே சோமராமன் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பெற்றார். சதிசெய்ததாகக் கண்ட மற்றிருவர் உயிரை மேல்முறையீட்டு மன்றம் காத்தது; புதிய சட்டத்தின் சொற்கள் அவர்கள் குற்றத்தை எட்டவில்லை என்பது காரணம். இங்கும் ஒரு சொல்லின் பொருளே உயிரை நிறுத்தியது. 1976க்குப் பின் அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பெறவில்லை. தண்டனை மட்டும் சட்டப்புத்தகத்தில் நின்றது.

இங்கிலாந்தில் திமொத்தி எவான்சு என்பவர் தம் குழந்தையைக் கொன்றதாக 1950இல் தூக்கிலிடப்பெற்றார். மூன்றாண்டுக்குப் பின், அதே வீட்டிற் குடியிருந்த வேறொருவர் பல பெண்களைக் கொன்றவர் எனத் தெரியவந்தது. 1966இல் அரசி எவான்சுக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. கொலைக்குத் தூக்கு என்னும் சட்டம் அங்கு 1965இல் நிறுத்தப்பெற்று, 1969இல் முற்றும் நீங்கிற்று.

நம் நாட்டிலும் இதற்கு இணையாக ஒன்று நிகழ்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்தாற் போதும், குற்றவாளியின் நிலையைப் பார்க்க வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. அவர் அவ்வாண்டே தூக்கிலிடப்பெற்றார். பதின்மூன்றாண்டு கழித்து, 2009இல், அத்தீர்ப்பு முந்தைய ஐவர் அமர்வின் நெறிக்கு மாறாக எழுதப்பட்டது என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவர் கொலைசெய்தவர்தாம், அதில் வழக்கில்லை. ஆனால் அவர் முகத்தை எவரும் நோக்கவில்லை. கோவூர்கிழார் கேட்டது அதனையேயன்றோ?

தமிழ்நாட்டில், ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பெற்ற ஒருவர் 1995 ஏப்பிரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பெற்றார். அதன்பின் இம்மாநிலச் சிறைகளில் எவரும் தூக்கிலிடப்பெறவில்லை. இந்தியச் சட்ட ஆணையம் 1967இல், நாட்டின் நிலையை நோக்க இத்தண்டனை இருத்தலே நன்று என்று அறிக்கை தந்தது. அதே ஆணையம் 2015இல், பயங்கரவாதமும் நாட்டின்மேற் போர்தொடுத்தலும் ஆகிய குற்றங்கள் நீங்கலாக ஏனையவற்றுக்கு ஒழித்துவிடலாம் என்று கூறிற்று. உலகில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் முற்றிலும் ஒழித்துவிட்டன. நம் அண்டையிலுள்ள நேபாளமும் பூடானும் அவற்றுள் அடங்கும். பாராளுமன்றம் ஆணையத்தின் சொல்லை ஏற்கவில்லை. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதையும் மரணதண்டனையை வைத்தே இருக்கின்றது.

ஆகவே விழுப்புரத்து அமர்வு நீதிமன்றத்தில் ஒருவர்க்கு இத்தண்டனை விதிக்கப்படுமானால், நீதிபதி அதற்குச் சிறப்புக் காரணம் எழுதவேண்டும். எழுதிய பின்னும் தண்டனை உடனே செல்லாது. வழக்குக் கட்டு முழுவதும் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் செல்லும். அங்கு உறுதியானாலன்றி அதனை நிறைவேற்ற இயலாது. பின்னர் உச்ச நீதிமன்றம் உண்டு. அங்கும் தோற்றால், ஆளுநர்க்கும் குடியரசுத் தலைவர்க்கும் கருணை மனு எழுதலாம். அம்மனுவைத் தண்டனை பெற்றவரே எழுதலாம். அவருடைய உறவினரும் எழுதலாம்.